இரண்டு கயாக், ஒரு தூண்டில்: மலையிலிருந்து இறங்கிப்போய்க் காற்றடிக்கும் கடலில் நண்பருடன் மீன்பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழனி மலையின் மேல்தட்டில் வாழும் எங்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு உண்டு. ஆடி மாதத்தில் மன்னவனூர்ப் புல்வெளியில் நின்றவருக்கும், பூம்பாறையில் பூண்டுக் கொட்டகையின் தகரம் பிய்த்துக்கொண்டு போனதைப் பார்த்தவருக்கும் கடற்காற்று பெரிதாகத் தோன்றாது. நானும் என் நண்பரும் அந்த நினைப்போடுதான் முதன்முறை கயாக்கில், அதாவது ஒருவர் உட்கார்ந்து துடுப்பு போடும் குறுகிய சிறு படகில், மீன்பிடிக்க ராமேசுவரம் தீவுக்குப் போனோம். மலையில் காற்று பொறுக்க முடியாமல் போனால் ஒரு மேட்டுக்குப் பின்னாலோ சோலைக்காட்டின் ஓரத்திலோ ஒதுங்கிவிடலாம். கடலில் ஒதுங்குவதற்கு எதுவும் இல்லை என்பதோடு, நாம் உட்கார்ந்திருக்கும் கயாக்கே காற்றின் போக்கில் போகிறது. இந்த வேறுபாட்டை உடம்பால் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு முழு நாள் ஆயிற்று.

இந்த வழிகாட்டி நன்றாக நீந்தத் தெரிந்த, அமைதியான நீரில் கயாக் ஓட்டிப் பழகிய இருவருக்காக எழுதப்படுகிறது. காற்றடிக்கும் கடலில் நாங்கள் கைக்கொள்ளும் முதல் விதி, இருவரில் ஒருவர் மட்டுமே ஒரு நேரத்தில் தூண்டில் போட வேண்டும் என்பதாகும். மற்றவர் காற்றையும் கரையையும் நண்பரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகளே.

மலையிலேயே தொடங்க வேண்டிய பயிற்சி

கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து, பிற்பகல் காற்று எழும் நேரத்தில் ஏரியின் நடுவே துடுப்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள். படகு தானாகத் திரும்பித் தன் விலாவைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகரத் தொடங்கும். கயாக்கும் சும்மா விட்டால் ஏறத்தாழ இதைத்தான் செய்யும். ஏரி நட்சத்திரம் போலக் கைகள் விரிந்து கிடப்பதால் ஒவ்வொரு கையிலும் காற்று வேறு திசையில் வருவதையும், கரையில் நிற்கும் இரண்டு பொருள்களை, ஒரு விளக்குக் கம்பத்தையும் அதன் பின்னால் உள்ள ஒரு மரத்தையும், ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால் படகு எவ்வளவு நகர்கிறது என்பது உடனே தெரிந்துவிடுவதையும் அங்கேயே பழகிக்கொள்ளலாம். கவிழ்ந்து ஏறும் பயிற்சியை இந்த ஏரியில் செய்யக் கூடாது. அதற்குச் சமவெளியின் நீச்சல்குளமோ, கடற்கரையில் பயிற்சியாளரின் கண்பார்வையில் இடுப்பளவு நீரோ வேண்டும்.

மலைக்காரர்கள் மறந்துவிடும் இன்னொன்று வெயில். 2,100 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காலையைத் தொடங்கும் உடம்பு, ராமநாதபுரத்து வெயிலில் இரண்டு மணி நேரம் துடுப்பு வலித்தால் தலைசுற்றித் தளர்ந்துவிடுகிறது. கொடைக்கானலிலிருந்து பத்தலக்குண்டு, மதுரை வழியாக ராமேசுவரம் சுமார் 290 கிலோமீட்டர். இரவெல்லாம் வண்டி ஓட்டிப்போய் விடியலில் கடலில் இறங்காமல், ஒரு நாள் முன்னதாகவே இறங்கித் தங்கி, உடம்பை வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் பழக்குங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கயாக்கில் இருக்க வேண்டும்.

காற்றைப் படித்தல்

ராமேசுவரம் தீவின் வடக்கே பாக் நீரிணையின் கடலும், தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் போகும்போது இருபுறமும் பார்த்தால், பல நாட்களில் ஒரு பக்கம் நீர் கண்ணாடி போலவும் மறுபக்கம் வெள்ளை நுரை புரண்டுகொண்டும் இருப்பது தெரியும். தென்மேற்குப் பருவத்தில், அதாவது ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை, காற்று தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. அதைச் சோழகம் என்றும் கச்சான் என்றும் கரைக்காரர்கள் சொல்வார்கள், பெயர் ஊருக்கு ஊர் சற்று மாறும். அப்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகரை அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடை எழுந்ததும் இது தலைகீழாகிவிடும்.

அமைதியாகத் தெரியும் கரையில்தான் ஆபத்து அதிகம். சோழகக் காற்று வடகரையில் நிலத்தின் மேலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையை ஒட்டி நீர் தட்டையாக இருப்பதற்குக் காரணம், அலை எழும்ப அங்கே நீளமான நீர்ப்பரப்பு இல்லாததும் தென்னந்தோப்புகள் காற்றைத் தடுப்பதுமே. உள்ளே போகப் போகத் தடுப்பு மறைந்து, காற்று முழு வலுவோடு முதுகில் விழுந்து கயாக்கைத் தள்ளத் தொடங்கும். முதுகில் விழும் காற்று இதமாகவே இருக்கும் என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பாக் நீரிணையில் அப்படித் தள்ளப்படுபவர் வெறும் நீரை நோக்கி மட்டும் போவதில்லை; 1974-ஆம் ஆண்டு உடன்பாட்டில் வகுக்கப்பட்ட இலங்கையுடனான கடல் எல்லையும் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

எங்களுக்கு நேர்ந்தது இதுவே. ஆடி மாதக் காலையில் வடகரையில் இறங்கினோம். தண்ணீர் ஏரிபோலக் கிடந்தது. இருவரும் தூண்டில் போட்டிருந்தோம், நண்பருக்கு ஒரு நல்ல பாறை மீன் மாட்டியது, நான் அவர் பக்கம் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனை ஏற்றி முடித்து நிமிர்ந்தபோது தென்னை மரங்கள் ஒரு பச்சைக் கோடாகச் சுருங்கியிருந்தன. கால் மணி நேரத்தில் போன தூரத்தைத் திரும்பி வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கரைக்கு வந்தபோது நண்பரின் உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "தம்பி, கரைக்காத்துல அலை இருக்காது. அலை இல்லைன்னு நம்பிப் போகக் கூடாது" என்றார். அந்த இரண்டு வாக்கியங்களை நாங்கள் மறக்கவில்லை.

ஆகவே முதல் வேலை, காற்று கரையை நோக்கி வீசுகிறதா, கரையிலிருந்து வெளியே வீசுகிறதா என்று பார்ப்பது. நிலத்திலிருந்து வெளியே வீசும் காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் நாங்கள் இறங்குவதில்லை. கரையை நோக்கியோ கரைக்கு இணையாகவோ வீசும் காற்றில் 20 கிலோமீட்டர் வரை இறங்கலாம். 20 முதல் 28 வரையிலான வேகத்தில் நுரைத்தலை அலைகள் அடிக்கடி தெரியும், அதுவே தேர்ந்தவர்களுக்கும் மேல் வரம்பு. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை மனத்தில் வையுங்கள். 10-க்கும் 20-க்கும் உள்ள இடைவெளி எண்ணில் தெரிவதைவிட உடம்பில் மிக அதிகம்.

முன்னறிவிப்புக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையையும், ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை உயரம், கடல் நிலை பற்றிய தகவலையும் முந்தின இரவும் விடியலிலும் பாருங்கள். மீனவர்களுக்கான எச்சரிக்கை பெரும்பாலும் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் என்னும்போது தரப்படுகிறது. அது வள்ளங்களையும் விசைப்படகுகளையும் கருதியது என்பதால், எச்சரிக்கை இல்லை என்பதைக் கயாக்குக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சராசரி வேகத்தோடு நில்லாமல், இடையிடையே வீசும் பலத்த வீச்சின் எண்ணையும் பாருங்கள். துடுப்பு போட வேண்டியிருப்பது அந்த எண்ணுக்கு எதிராகத்தான். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் பேச்சே வேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கரையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். வள்ளங்கள் இழுத்துப் போடப்பட்டிருக்கும் காலையில், காரணம் புரியாவிட்டாலும் கயாக்கை இறக்காதீர்கள்.

சாதாரண நாட்களில் விடியலில் மெல்லிய நிலக்காற்றும், முற்பகலுக்குப் பின் வலுக்கும் கடற்காற்றும் வரும். எனவே ஆறு மணிக்கு இறங்கி ஒன்பதரை மணிக்குள் கரையேறுவது நல்ல கணக்கு.

எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ராமேசுவரம் தீவின் குந்துகால் கரையிலிருந்து கைநீட்டினால் தொடலாம் போலத் தெரியும் குருசடைத் தீவும் அவற்றில் ஒன்று; அங்கே மீன்பிடிக்கப் போகக் கூடாது. பாக் நீரிணைப் பகுதியில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசு, ஆமை, கடல் அட்டை, கடற்குதிரை ஆகியவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, தூண்டிலிலோ கயிற்றிலோ சிக்கினால் உடனே விடுவிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது என்றாலும், எந்தக் காலத்திலும் இறங்கும் முன் உள்ளூர் மீன்வளத் துறை அலுவலகத்திலும் கடலோரக் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொண்டு, அடையாள அட்டையை நீர்புகாப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் கால்வாயிலும் தனுஷ்கோடி அரிச்சல்முனையிலும் நீரோட்டம் கடுமையானது. ஓட்டத்துக்கு எதிராகக் காற்று வீசினால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும் என்பதால் இந்த இரண்டு இடங்களையும் அறவே தவிர்க்க வேண்டும்.

வலை மிதவைகளைக் கண்டால் சுற்றிப் போங்கள். அது ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம்.

கயாக்கும் கருவியும்

மேலே உட்காரும் வகைக் கயாக்கே இதற்கு ஏற்றது. கவிழ்ந்தாலும் உள்ளே நீர் தங்காது, தட்டில் விழும் அலைநீர் துளைகளின் வழியே வடிந்துவிடும். உயிர்காப்புச் சட்டையைக் கரையிலேயே மாட்டி, வாரை இறுக்கி, நண்பரைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அளவு சரியில்லை. துடுப்பைக் கயாக்கோடு ஒரு கயிற்றால் பிணையுங்கள். விசில், கத்தி, 15 மீட்டர் இழுவைக்கயிறு, நீர்புகா உறையில் கைப்பேசி ஆகியவை இருவரிடமும் தனித்தனியே இருக்க வேண்டும், ஒருவரிடம் மட்டும் இருந்தால் போதாது. இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் கைப்பேசியில் பதிந்து வைப்பதோடு, எங்கே இறங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

சுமையைத் தாழ்வாகவும் நடுவிலும் கட்டுங்கள். இருக்கைக்குப் பின்னால் உயரமாகப் பெட்டி அடுக்கினால் அது பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். பின்பாரம் கூடினால் எதிர்க்காற்றில் கயாக்கின் மூக்கு நேர்கோட்டில் நிற்காமல் விலகிக்கொண்டே போகும்.

இவற்றோடு, குடை போல விரியும் ஒரு துணிப்பையும் வேண்டும். கயிற்றில் கட்டி நீரில் விட்டால் அது நீரை அள்ளிக்கொண்டு கயாக்கின் நகர்வை இழுத்துப் பிடிக்கும். காற்றில் மீன்பிடிக்க நங்கூரத்தைவிட இதுவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. நங்கூரம் பாறையில் சிக்கி, கயிறு விறைத்து, அலை விலாவில் அடித்தால் கயாக் நொடியில் கவிழும். எதைக் கட்டினாலும் மூக்கிலோ வாலிலோ கட்டுங்கள், பக்கவாட்டில் ஒருபோதும் கட்ட வேண்டாம். கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இறங்கும் முன் இருவரும் பேசி முடிக்க வேண்டியவை

நட்பில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவருக்குப் பயம் வந்தாலும் மற்றவரின் உற்சாகம் கெடுமே என்று சொல்லாமல் இருந்துவிடுவார். இதற்காக நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு, இருவரில் யார் "போதும்" என்றாலும் காரணம் கேட்காமல் உடனே திரும்புவது என்பதாகும். கரையேறி, சோறு சாப்பிட்ட பிறகுதான் அதைப் பற்றிப் பேசுவோம். நான்கு முறை நண்பர் சொல்லியிருக்கிறார், இரண்டு முறை நான் சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூட அதற்காக வருந்தியதில்லை.

திரும்பும் நேரத்தையும் கரையிலேயே முடிவுசெய்யுங்கள். முதலில் காற்றுக்கு எதிராகப் போய், பிறகு காற்றோடு வீடு திரும்பும்படி வழியை அமையுங்கள். அமைதியான நீரில் மணிக்கு 5 கிலோமீட்டர் போகும் கயாக், எதிர்க்காற்று 25 கிலோமீட்டரில் அடிக்கும்போது பாதி வேகம்கூடப் போகாது. மூன்று மணி நேரம் இருந்தால் போவதற்கு ஒரு மணி, மீன்பிடிக்க ஒரு மணி, திரும்புவதற்கு ஒரு மணி என்று பிரித்துக்கொண்டு, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் விலகாதீர்கள்.

காற்றில் குரல் எட்டாது, ஆகவே சைகைகள் வேண்டும். துடுப்பை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் "என்னிடம் வா", தலைக்கு மேல் படுக்கையாகப் பிடித்தால் "அங்கேயே நில்", பக்கவாட்டில் வீசி ஆட்டினால் "உதவி". விசிலை மூன்று முறை ஊதினாலும் உதவி என்றே பொருள். இருவருக்கும் இடையே 20 முதல் 30 மீட்டர் இடைவெளி போதும். அலைமேட்டில் ஏறும்போதெல்லாம் நண்பர் கண்ணில் பட வேண்டும். இரண்டு அலைகள் கடந்தும் தெரியாவிட்டால் தேடிப் போக வேண்டும். ஒருவருக்கு நேர் மேல்காற்றில், அதாவது காற்று வரும் பக்கத்தில், மற்றவர் நிற்கக் கூடாது, அலை தூக்கிவந்து மோதவைத்துவிடும்.

அலையைக் கடத்தலும் காற்றை எதிர்த்தலும்

அலைகள் கூட்டமாக வந்து, பிறகு சற்று ஓய்வது வழக்கம். கரையில் பத்து நிமிடம் நின்று அந்த ஓய்வைக் கண்டுபிடித்து, முதலில் ஒருவர் மட்டும் இறங்கி அலை உடையும் வரம்பைத் தாண்டி நிற்க, பிறகு மற்றவர் இறங்குங்கள். உடையும் அலையை மூக்கால் நேராகச் சந்தியுங்கள், சந்திக்கும் நொடியில் துடுப்பை நிறுத்தாதீர்கள். உள்ளே போன பிறகு உடையாத அலைகளைச் சற்றுச் சாய்வாக ஏறுவது எளிது. எதிர்க்காற்றில் முன்னால் குனிந்து, துடுப்பைத் தாழ்வாக வைத்து, குறுகிய இழுப்புகளாக, மலைச்சுமை தூக்குபவர் ஏற்றத்தில் நடப்பதுபோல ஒரே சீராகப் போங்கள். இளைப்பாற நின்றால் ஏறிய தூரம் கையைவிட்டுப் போகும். எனவே வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது.

தூண்டில்

இடத்துக்கு வந்ததும் ஒருவர் துணிப்பையை வாலில் கட்டி விட்டு, காற்றோடு மெல்ல நகர்ந்துகொண்டே தூண்டில் போடலாம். மற்றவரின் கோல் கட்டியபடியே இருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை முறை மாறுங்கள். காவல் இருப்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையின் இரண்டு குறிகளை, ஒரு கோபுரத்தையும் ஒரு தென்னையையும் போல, கோடு பிடித்துப் பார்த்து நகர்வைச் சொல்ல வேண்டும். அன்று எங்கள் இருவரில் ஒருவர் இதைச் செய்திருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் நேர்ந்திருக்காது.

இரண்டு மீட்டருக்கு மேற்படாத குட்டையான கோலே கயாக்குக்கு வசதி. காற்றில் நீளமாக வீசி எறிய முயன்றால் நரம்பு, அதாவது தூண்டிலின் நைலான் இழை, தொய்ந்து வளைந்து சிக்கும், வீசும் அசைவில் சமநிலையும் போகும். கணவாய்த் துண்டையோ இறாலையோ மாட்டி, வழக்கத்தைவிடச் சற்றுக் கனமான ஈயக்குண்டோடு நேர்கீழே இறக்குங்கள். விளமீனும் களவாயும் அடியில் கிடைக்கும். பாறை மீனும் ஊளி மீனும் வேண்டுமானால் போகும் வழியிலும் வரும் வழியிலும் போலிமீனைப் பின்னால் இழுத்துப் போகலாம். தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், அலையில் ஆடும்போது கையில் ஏறும் முள்ளைக் கழற்ற அது உதவும்.

மீன் மாட்டினால் கோலைப் பக்கவாட்டில் கொண்டுபோகாமல் மூக்குக்கு நேராக வைத்திருங்கள். பெரிய மீன் கயாக்கை இழுக்கட்டும், கால்களை இருபுறமும் தொங்கவிட்டால் நிலைப்பு கூடும். திருக்கையையும் கெளிற்றையும் ஏற்றாமல் நரம்பை வெட்டி விடுங்கள். பேத்தை மீனைச் சமைக்கும் எண்ணமே வேண்டாம், அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

கவிழ்ந்தால்

முதலில் கயாக்கைப் பிடியுங்கள். காலிக் கயாக்கைக் காற்று தள்ளும் வேகத்துக்கு எந்த நீச்சல்காரராலும் நீந்திப் பிடிக்க முடியாது. கோலும் மீனும் பெட்டியும் போனால் போகட்டும். மேல்காற்றுப் பக்கம் வந்து, அடிப்புறத்தின் மேல் கையை நீட்டி எதிர் விளிம்பைப் பற்றி இழுத்துப் புரட்டி நிமிர்த்துங்கள். நண்பர் எதிர்ப்பக்கம் வந்து, தன் மூக்கு உங்கள் வாலைப் பார்க்கும்படி ஒட்டி நின்று, உங்கள் கயாக்கின் மேல் சாய்ந்து இரு கைகளாலும் பிடித்துக்கொள்வார். நீங்கள் கால்களை நீரின் மேற்பரப்புக்கு வரும்வரை உதைத்து, வயிற்றால் தட்டின் மேல் ஏறி, தொப்புள் நடுவுக்கு வந்ததும் புரண்டு உட்காருங்கள். எழுந்து ஏற முயன்றால் மறுபடியும் கவிழும். இரண்டு விளிம்புகளுக்கு நடுவே விரலை வைக்க வேண்டாம்.

இதை இடுப்பளவு நீரில் ஆளுக்குப் பத்து முறையாவது செய்து, களைத்திருக்கும்போதும் செய்ய முடிகிறதா என்று பார்த்த பிறகே ஆழத்துக்குப் போக வேண்டும். நண்பர் தளர்ந்துவிட்டால் இழுவைக்கயிற்றை எளிதில் அவிழும் முடிச்சோடு கட்டி இழுங்கள். காற்றுக்கு நேர் எதிரே இழுக்க முயலாமல், புறப்பட்ட இடத்தை மறந்துவிட்டு, குறுக்கே எட்டக்கூடிய எந்தக் கரைக்கும் போங்கள். இழுத்தும் கரை நெருங்கவில்லை என்று தெரிந்தால், கையில் வலு மிச்சமிருக்கும்போதே 1554-ஐ அழையுங்கள். கயாக்கை விட்டு நீந்தப் போகாதீர்கள்.

கரையேறுதல்

அலை உடையும் வரம்புக்கு வெளியே நின்று, தூண்டில்களைக் கட்டி, முட்களை மூடி, ஓய்வுக்குக் காத்திருங்கள். ஒரு அலையின் முதுகைப் பின்தொடர்ந்து வாருங்கள். பின்னாலிருந்து அடுத்தது எழுந்தால் பின்னோக்கி வலித்து அதை அடியில் கடக்கவிடுங்கள். தரை தட்டியதும் கடல் பக்கமாகவே இறங்க வேண்டும். கயாக்குக்கும் கரைக்கும் நடுவே நின்றால் அடுத்த அலை அதைத் தூக்கிவந்து முழங்காலில் அடிக்கும்.

மலைக்குத் திரும்பியபின்

மீனைக் குடல் நீக்கி, அதன் எடைக்குச் சமமான பனிக்கட்டியில் அடுக்கினால் கொடைக்கானல் வரை கெடாமல் வரும். உருகும் நீரை வழியில் வடித்துவிட வேண்டும். கருவிகளுக்குத்தான் மலையில் கூடுதல் கவனம் தேவை. சமவெளியில் அரை நாளில் உலரும் உயிர்காப்புச் சட்டை எங்கள் மூடுபனியில் மூன்று நாளானாலும் ஈரமாகவே இருக்கும், உப்பு அந்த ஈரத்தை மேலும் இழுக்கும். ஆகவே எல்லாவற்றையும் கடற்கரையிலேயே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, பத்தலக்குண்டில் தேநீருக்கு நிற்கும்போது வெயிலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்துவிட்டுத்தான் நாங்கள் மலையேறுகிறோம். ரீலின் பிரேக்கைத் தளர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அடுப்படியின் வெதுவெதுப்பான சுவரில் தொங்கவிட்டால் துரு பிடிக்காது.